சுழலும் பாகத்துக்கு எஃப்இஏ-வில் சுமை கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் இயந்திர வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். எஃப்இஏ என்பது, பாகத்தை மெஷ் என்ற சிறு துண்டுகளின் வலையாகப் பிரித்து, உள்ளே எழும் தகைவை (ஸ்ட்ரெஸ்) கணினியில் கணக்கிடும் முறை. நிபோங் தெபாலில் உள்ள யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகத்திலிருந்து பிராக்டிக்கலுக்கு வரும் பிள்ளைகள், பக்கத்து கம்பெனி நண்பர்கள், சில நேரம் வாட்ஸ்அப்பில் யாரென்றே தெரியாதவர்கள் என்று எல்லாரும் ஒரே பத்துப் பதினைந்து சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். நாசி கண்டார் கடை டிஷ்யூ பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டி அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்வியை வைத்து, பதிலை எழுதிவிட்டேன்.

எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் ஒரே புளோவர்தான் (காற்று ஊதும் இயந்திரம்): 15 கிலோவாட் மோட்டார், 1450 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1450 சுற்று), 1 மீட்டர் விட்டம், 40 கிலோ எடையுள்ள இரும்பு இம்பெல்லர், அதாவது காற்றைத் தள்ளும் பிளேடு வைத்த சக்கரம்.

சுழற்சிச் சுமைன்னா டார்க் தானே அண்ணே?

இல்லை. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பெயரில் மூன்று வேறு வேறு சுமைகள் இருக்கின்றன. ஒன்று, சுழலும் வேகம். ஒரே வேகத்தில் சுற்றினாலே போதும், பாகத்தின் ஒவ்வொரு துகளும் வெளியே பாயப் பார்க்கும். அடர்த்தி × கோண வேகத்தின் வர்க்கம் × அச்சிலிருந்து உள்ள தூரம் என்ற அளவில் உடல் முழுக்க விசை விழும். இரண்டாவது, கோண முடுக்கம்: வேகம் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் வரும், தொடுகோட்டுத் திசையில் இழுக்கும். மூன்றாவதுதான் டார்க், அதாவது மோட்டார் ஷாஃப்ட்டைத் திருகும் முறுக்கு.

ஒரே சீராக ஓடும் புளோவருக்கு முதலாவதும் மூன்றாவதும் வேண்டும். புதியவர்கள் டார்க்கை மட்டும் கொடுத்துவிட்டு, “ஸ்ட்ரெஸ் ஒண்ணுமே இல்லையே” என்று சந்தோஷப்படுவார்கள். நம்முடைய இம்பெல்லரின் விளிம்பில் முடுக்கம் நொடிக்கு நொடி 11,500 மீட்டர். விளிம்பில் இருக்கும் 1 கிலோ இரும்பு, 1.2 டன் எடை தொங்குவதுபோல இழுக்கும். அதை விட்டுவிட்டால் கணக்கில் மிச்சம் என்ன இருக்கிறது?

1450-ன்னு அப்படியே போட்டா போதும்தானே?

மென்பொருளைப் பொறுத்தது. ஆன்சிஸ் மெக்கானிக்கலில் அலகுப் பட்டியலில் ரேடியனா ஆர்பிஎம்-மா என்று தேர்ந்துகொள்ளலாம். ஆனால் கட்டளையாக எழுதும் ‘ஒமேகா’ நொடிக்கு ரேடியனைத்தான் எதிர்பார்க்கும். நாஸ்ட்ரானின் ‘ஆர்ஃபோர்ஸ்’ அட்டையில் (உள்ளீட்டு வரியில்) போட வேண்டியது ரேடியனும் இல்லை, ஆர்பிஎம்-மும் இல்லை. நொடிக்கு எத்தனை சுற்று. அபாகஸ், கால்குலிக்ஸ் உள்ளீட்டுக் கோப்பில் ‘சென்ட்ரிஃப்’ என்று எழுதினால் அங்கே கேட்பது கோண வேகத்தின் வர்க்கம். ஆகவே அதே 1450 ஆர்பிஎம் ஓரிடத்தில் 151.8, இன்னோரிடத்தில் 24.17, மற்றோரிடத்தில் ஏறக்குறைய 23,050.

தப்பாகப் போட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? தப்புக்கு ஒரு கைரேகை உண்டு. ரேடியன் கேட்ட இடத்தில் ஆர்பிஎம் போட்டால் வேகம் 9.55 மடங்கு, ஸ்ட்ரெஸ் அதன் வர்க்கம், அதாவது 91 மடங்கு. சுற்று கேட்ட இடத்தில் ரேடியன் போட்டால் ஏறக்குறைய 39.5 மடங்கு. விடை கைக்கணக்கைவிட 91 மடங்கு பெரிதாக இருந்தால் மெஷ்ஷைத் திட்ட வேண்டாம், அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

அடர்த்தி 7850-ன்னு புத்தகத்துல இருக்கு. அதைத்தான் போட்டேன். ஸ்ட்ரெஸ் எண்ணுக்குப் பின்னால பூஜ்யம் பூஜ்யமா நீளுது.

7850 என்பது கன மீட்டருக்குக் கிலோ. மாடல் மில்லிமீட்டரில், விசை நியூட்டனில், ஸ்ட்ரெஸ் மெகாபாஸ்கலில் இருந்தால் நிறையை டன்னில் சொல்ல வேண்டும்: இரும்புக்கு 7.85 × 10⁻⁹. அங்கே 7850 போட்டால் விடை ஒரு லட்சம் கோடி மடங்கு பெரிதாகும். அது பைத்தியக்கார எண்ணாக இருப்பதால் உடனே பிடிபட்டுவிடும். ஆபத்தானது 7.85 × 10⁻⁶. மில்லிமீட்டர் மாடல்தானே என்று கன மில்லிமீட்டருக்குக் கிலோவாக மாற்றி இதைப் போடுகிறார்கள். விடை சரியாக 1000 மடங்கு பெரிதாகும். அதைப் பார்த்து “பாஸ்கல்னு நினைக்கிறேன், கிலோபாஸ்கலா இருக்கும்” என்று சமாதானம் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சாதாரண நிலைச் சுமைக் கணக்குக்கு அடர்த்தியே தேவைப்படாது. அதனால்தான் பலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பழகியிருப்பார்கள். சுழற்சிக்கு அடர்த்தி இல்லாவிட்டால் விசையே கிடையாது.

அச்சு எதுன்னு சாஃப்ட்வேருக்கு எப்படித் தெரியும்?

தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு புள்ளி, ஒரு திசை, இரண்டும் வேண்டும். திசையை மட்டும் கவனித்துப் புள்ளியை மூலப்புள்ளியாகவே விட்டுவிடுவது வழக்கமான தப்பு. அசெம்பிளியில் புளோவர் மூலப்புள்ளியிலிருந்து 2 மீட்டர் தள்ளி நின்றால், மென்பொருள் அதை ராட்டினத்தில் உட்காரவைத்துச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ரியாக்ஷன் விசையை, அதாவது பாகத்தைப் பிடித்துக் கட்டிய இடங்கள் திருப்பித் தரும் விசையை, கூட்டிப் பாருங்கள். சமநிலையான முழு ரோட்டர் என்றால் கூட்டுத்தொகை பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். ஒரு பக்கமாகப் பெரிய விசை வந்தால் அச்சு தள்ளி நிற்கிறது என்று அர்த்தம்.

அனிமேஷன் போட்டா சுத்தவே மாட்டேங்குது?

சுற்றாது. நிலைக் கணக்கில் நீங்களும் இம்பெல்லரோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே அதைப் பார்க்கிறீர்கள். அந்தப் பார்வையில் அது நிற்கிறது, வெளிப்பக்கம் கொஞ்சம் உப்புகிறது. அந்த உப்பல் தெரிந்தால் போதும்.

கடிகாரத் திசையா எதிர்த் திசையா? மைனஸ் போடணுமா?

வேகத்துக்கு எந்தப் பக்கமானாலும் ஒன்றுதான். வர்க்கம் ஆனபின் மைனஸ் காணாமல் போய்விடும். டார்க், கோண முடுக்கம் இரண்டுக்கும் குறி முக்கியம். அதிர்வுக் கணக்கிலும் முக்கியம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்க பிடிச்சுக் கட்டணும்? துளையை ஃபிக்ஸ் பண்ணிட்டேன், துளை விளிம்புலேயே சிவப்பா வருது.

துளை முகம் முழுவதையும் ஃபிக்ஸ் செய்தால் அது விரிய முடியாது. சுழலும்போது துளை இயல்பாகவே கொஞ்சம் விரியும். நீங்கள் தடுப்பதால் விளிம்பில் இல்லாத ஸ்ட்ரெஸ் பிறக்கிறது, வேண்டிய ஸ்ட்ரெஸ் மறைகிறது. உருளை ஆயத்தை எடுத்துக்கொண்டு, தொடுகோட்டுத் திசையையும் அச்சுத் திசையையும் மட்டும் கட்டுங்கள், ஆரத் திசையைத் திறந்துவிடுங்கள். வட்டப் பாகம் ஆர வழியில் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும்.

“எதுக்கு வம்பு, ஒண்ணும் கட்டாமலே விடுறேன்” என்றால் கணினி விடை தராது. அச்சைச் சுற்றியும் அச்சோடும் பாகம் மிதந்துகொண்டிருக்கும்.

விடை சரியா தப்பான்னு எப்படித் தெரியும்? நம்மகிட்ட டெஸ்ட் ரிக் எல்லாம் இல்லையே.

ஒரு கால்குலேட்டர் போதும். மெல்லிய வளையம் ஒன்று சுற்றினால் அதன் சுற்றுவழி ஸ்ட்ரெஸ் அடர்த்தி × விளிம்பு வேகம் × விளிம்பு வேகம். நம்முடைய இம்பெல்லரின் விளிம்பு வேகம் நொடிக்கு 75.9 மீட்டர், வர்க்கத்தை 7850-ஆல் பெருக்கினால் 45 மெகாபாஸ்கல். உண்மையான இம்பெல்லர் வளையம் இல்லைதான். பிளேடு இருக்கிறது, வெல்டிங் இருக்கிறது. ஆனாலும் 4000 வந்தால் கேள்வி கேட்கவும், 0.4 வந்தால் கேள்வி கேட்கவும் இந்த 45 போதும். மாடலைத் திறப்பதற்கு முன்பே இதைக் கணக்குப் போட்டு ஓரத்தில் எழுதிவையுங்கள். விடையைப் பார்த்த பிறகு போட்டால் மனசு விடைக்கு ஏற்ற மாதிரி வளைந்துகொடுக்கும்.

மென்பொருள் அமைப்பையே சோதிக்க வேண்டுமானால் ஒரு தட்டை வரையுங்கள்: 300 மிமீ விட்டம், இரும்பு, 3000 ஆர்பிஎம். துளை இல்லாத தட்டின் நடுவில் 7.2 மெகாபாஸ்கல் வர வேண்டும். நடுவில் 60 மிமீ துளை போட்டால் துளை விளிம்பில் 14.5. துளை எவ்வளவு சிறிதானாலும் நடு ஸ்ட்ரெஸ் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இது மென்பொருளின் பிழை இல்லை, பாடநூலில் உள்ளதுதான். இந்த இரண்டு எண்ணும் வந்துவிட்டால் வேகம், அடர்த்தி, அச்சு, கட்டு நான்கும் சரி. பிராக்டிக்கல் பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் கொடுக்கும் வேலை இதுதான். பத்து நிமிட வேலை, சிலருக்கு மத்தியானம் வரை இழுக்கும்.

தகட்டைத் தடிமனாக்கியும் ஸ்ட்ரெஸ் குறையவே இல்லையே?

குறையாது. மேலே உள்ள சூத்திரத்தில் தடிமன் எங்கே இருக்கிறது? தடிமனைக் கூட்டினால் தாங்கும் பரப்பும் கூடுகிறது, இழுக்கும் நிறையும் அதே அளவு கூடுகிறது.

இதைப் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டவன் நான். முதல் வேலையில் ஒரு ஃபிளைவீலுக்குக் கணக்குப் போட்டேன். ஸ்ட்ரெஸ் 2000-க்கு மேல் போனது. 20 மிமீ விளிம்பை 30 ஆக்கினேன், எண் அசையவில்லை. 40 ஆக்கினேன், அப்போதும் அசையவில்லை. இரவு எட்டு மணி, ஆபீஸில் ஏர்கான் நின்றுவிட்டது, நானும் மெஷ்ஷை மேலும் மேலும் நுணுக்கிக்கொண்டே இருந்தேன். தடிமனான தகட்டுக்கு விலை கேட்டு மின்னஞ்சலும் போய்விட்டது. மறுநாள் மூத்த அண்ணன் ஒருவர் திரையைப் பார்த்து, கால்குலேட்டரில் இரண்டு தட்டுத் தட்டி, “91-ஆல வகுத்துப் பாரு தம்பி” என்றார். 22 வந்தது. ஆர்பிஎம்-மை ரேடியன் பெட்டியில் போட்டிருந்தேன். எண் அசையாமல் நின்றதே ஒரு துப்பு, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

ஸ்ட்ரெஸ்ஸைக் குறைக்க வேண்டுமானால் வேகத்தையோ விட்டத்தையோ விளிம்பில் இருக்கும் எடையையோ குறைக்க வேண்டும். நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும் வடிவம் உதவும். எல்லா இடத்திலும் ஒரேயடியாகத் தடிமனாக்குவது உதவாது.

கேசிங், பேஸ் எல்லாம் சேர்ந்த அசெம்பிளி. வேகம் கொடுத்தா கேசிங்கும் உப்புது!

வேகம் எல்லாப் பாகத்துக்கும் போயிருக்கிறது. சுழலும் பாகங்களை மட்டும் தேர்ந்து கொடுங்கள். ஆன்சிஸ் கட்டளையில் ‘சிஎம்ஒமேகா’ இதற்குத்தான். பேரிங்கின் உள்வளையம் சுற்றும், வெளிவளையம் சுற்றாது. அந்த எல்லையைக் கவனியுங்கள்.

ஷாஃப்ட்டுக்கு டார்க் எவ்வளவு? அதை நோடுல கொடுத்தா எடுக்கவே மாட்டேங்குது.

அளவு எளிது: 9550 × கிலோவாட் ÷ ஆர்பிஎம். நமக்கு 98.8 நியூட்டன் மீட்டர். மில்லிமீட்டர் மாடலில் 98,800. மோட்டார் நேரடியாகக் கிளம்பும்போது இதைவிடக் கூடும், மோட்டார் கேட்டலாக்கில் எத்தனை மடங்கு என்று போட்டிருப்பார்கள்.

நோடு என்பது மெஷ் துண்டுகள் (எலிமென்ட்) சந்திக்கும் புள்ளி. அது எடுக்காததற்குக் காரணம், சாலிட் எலிமென்ட்டின் நோடுக்கு நகரத் தெரியும், திரும்பத் தெரியாது. அதனால் அச்சில் ஒரு தனிப் புள்ளி வைத்து, அதை ஷாஃப்ட் முகத்தோடு இணைத்து, புள்ளியில் முறுக்கைக் கொடுக்க வேண்டும்.

அந்த இணைப்புக்கு ஆர்பிஈ2-வா ஆர்பிஈ3-யா?

இரண்டும் நாஸ்ட்ரானில் புள்ளியை முகத்தோடு இணைக்கும் வகைகள். ஆர்பிஈ2 அந்த முகத்தைக் கல் மாதிரி இறுக்கிவிடும். ஆர்பிஈ3 விசையைப் பங்கு போட்டுக் கொடுக்கும், முகத்தை இறுக்காது. அபாகஸில் இவற்றுக்குக் கைனமேட்டிக், டிஸ்ட்ரிபியூட்டிங் என்று பெயர்.

டார்க் மட்டும் என்றால் பெரிய வித்தியாசம் தெரியாது. வேகமும் சேர்ந்து இருந்தால் துளை முகத்தில் ஆர்பிஈ2 போடுவது, துளையை ஃபிக்ஸ் செய்ததற்குச் சமம், விரிவைத் தடுத்துவிடும். பலர் ஃபிக்ஸை எடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே இந்த வாசல் வழியாக அதைத் திரும்பக் கூட்டி வருகிறார்கள். வேகம் இருக்கும் மாடலில் நான் ஆர்பிஈ3-தான் போடுவேன்.

எட்டு பிளேடு. ஒரு துண்டு மட்டும் எடுத்துப் பண்ணலாமா?

தாராளமாக. 45 பாகைத் துண்டை எடுத்து, வெட்டிய இரண்டு முகங்களையும் சுழற்சிச் சமச்சீர் ஜோடியாகக் கட்டுங்கள். கண்ணாடிச் சமச்சீர் போடாதீர்கள். வளைந்த பிளேடு கண்ணாடியில் எதிர்ப்பக்கமாக வளைந்து தெரியும், அது உங்கள் இம்பெல்லர் இல்லை.

நேரான, எளிய பாகத்தை அச்சு வழியாகப் பாதியாக வெட்டிக் கண்ணாடிச் சமச்சீர் போடலாம், ஆனால் வேகத்துக்கு மட்டும். டார்க்கோ கோண முடுக்கமோ சேர்ந்தால் அது செல்லாது, இரண்டு பாதியிலும் முறுக்கு கண்ணாடி பிம்பமாக இருக்காது.

ஸ்டார்ட் ஆகுறப்ப வர்ற முடுக்கத்தைச் சேர்க்கணுமா?

இம்பெல்லருக்குப் பெரும்பாலும் வேண்டாம், ஷாஃப்ட்டுக்கும் சாவிக்கும் (இம்பெல்லரை ஷாஃப்ட்டோடு பூட்டும் சிறு கட்டை) வேண்டும். 3 நொடியில் முழு வேகம் பிடித்தால் கோண முடுக்கம் 50.6; விளிம்பில் தொடுகோட்டு முடுக்கம் 25, மையவிலக்கு 11,500. கடலில் கரைத்த பெருங்காயம். ஆனால் சுழல் நிலைமம் 4 கிலோ மீட்டர் வர்க்கம் என்று வைத்தால், அந்த 3 நொடிக்கு மட்டும் ஷாஃப்ட்டில் கூடுதலாக 202 நியூட்டன் மீட்டர் முறுக்கு. ஓடும்போது இருந்த 98.8-ஐப் போல் இரண்டு மடங்கு. ஏதாவது சிக்கி 0.05 நொடியில் நின்றால் 12,000-க்கு மேல். ஒன்று மட்டும் கவனம்: மாடலில் கோண முடுக்கத்தைக் கொடுத்தால் அந்த முறுக்கு தானாகவே ரியாக்ஷனில் வரும். அதையே டார்க்காக மறுபடி கொடுத்து இரண்டு தடவை எண்ணாதீர்கள்.

பேலன்ஸ் சர்டிஃபிகேட்ல ஜி6.3-ன்னு இருக்கு. அதை எப்படி மாடல்ல கொண்டுவர்றது?

ஜி6.3 என்றால் எடைமையம் விலகிய தூரத்தையும் கோண வேகத்தையும் பெருக்கினால் நொடிக்கு 6.3 மிமீ. நமக்கு 151.8-ஆல் வகுத்தால் 0.0415 மிமீ விலகல். 40 கிலோவுக்கு விசை 38 நியூட்டன், ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த சர்டிஃபிகேட் புது இம்பெல்லருக்கு. ஓடி ஓடி ஒரு பிளேடின் ஓரத்தில் 50 கிராம் தூசி கட்டிப்பிடித்தால் 576 நியூட்டன். பேரிங்கையும் பேஸையும் நான் இந்த இரண்டாவது எண்ணுக்குத்தான் பார்ப்பேன். விளிம்பில் ஒரு சின்ன புள்ளி நிறையை ஒட்டவைத்தால் மாடல் விசையைத் தானே எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டதா என்று ரியாக்ஷன் கூட்டுத்தொகையில் பாருங்கள்.

வாஷிங் மெஷின் டிரம் பண்றேன். துணியோட எடையை எங்க போடுறது?

நல்ல கேள்வி. எங்கள் வீட்டு மெஷின் கெட்டுப்போன வாரம் டோபி கடையில் உட்கார்ந்து இதைத்தான் போனில் கணக்குப் போட்டேன். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே துணி முதலில் பொத் பொத்தென்று விழும். வேகம் ஏற ஏற விழுவது நின்று, சுவரோடு ஒரே பட்டையாக ஒட்டிக்கொள்ளும், நடுவில் ஓட்டை தெரியும். அந்த நேரத்தில் துணிக்கு விறைப்பு கிடையாது, நிறை மட்டும்தான். டிரம்மைப் பொறுத்தவரை அது உட்சுவர் மீது ஓர் அழுத்தம்.

ஆரம் 0.25 மீட்டர், 1000 ஆர்பிஎம், ஈரத் துணி 10 கிலோ, டிரம் நீளம் 0.3 மீட்டர். மொத்த விசை 27,400 நியூட்டன், சுவர்ப் பரப்பு 0.47 சதுர மீட்டர், அழுத்தம் 0.058 மெகாபாஸ்கல். இதை உட்சுவரில் போட்டு, டிரம்முக்கு வேகத்தையும் கொடுங்கள். தனியாக, 1 கிலோ துணி ஒரே பக்கம் குவிந்தால் 2740 நியூட்டன் ஒரு பக்கமாக இழுக்கும். மெஷின் நடந்து வாசல் வரை வருவது அதனால்தான்.

இன்வெர்டர் போட்டு 60 ஹெர்ட்ஸில் ஓட்டலாம்னு மேனேஜர் சொல்றாரு. மறுபடியும் ரன் பண்ணணுமா?

இன்வெர்டர் என்பது மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி. ஸ்ட்ரெஸ்ஸுக்கு ரன் தேவையில்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; 60 என்றால் வேகம் 1.2 மடங்கு, ஸ்ட்ரெஸ் 1.44 மடங்கு. பழைய விடையைப் பெருக்கினால் போதும், கான்டாக்ட்டோ பெரிய உருமாற்றமோ மாடலில் இல்லாதவரை. புளோவர் கேட்கும் சக்தி வேகத்தின் கனமாக ஏறி 1.73 மடங்காகும், 15 கிலோவாட் மோட்டார் தாங்குமா என்று மேனேஜரிடம் திருப்பிக் கேளுங்கள். அதிர்வெண்ணை மட்டும் மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

பிரஸ் ஃபிட் பண்ண ஹப். வேகத்துல லூஸ் ஆகுமா?

ஆகலாம், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மேலே சொன்ன 300 மிமீ தட்டையே 60 மிமீ ஷாஃப்ட்டில் எச்7/பி6 பொருத்தமாக ஏற்றியதாக வையுங்கள். இடையிறுக்கம் 2 முதல் 51 மைக்ரான் வரை. 3000 ஆர்பிஎம்-மில் துளையின் விட்டம் 4 மைக்ரான்தான் விரிகிறது. அதுவே குறைந்தபட்ச 2-ஐத் தாண்டிவிட்டது, பாருங்கள். 12,000-க்குப் போனால் 16 மடங்கு, 66 மைக்ரான். ஷாஃப்ட்டின் சொந்த விரிவு ஒரு மைக்ரான்கூட இல்லை. அதிகபட்ச இறுக்கமும் கழன்றுவிட்டது. அந்த வேகத்தில் ஸ்ட்ரெஸ் 232 மெகாபாஸ்கல், இரும்பு தாங்கலாம், பிடிமானம்தான் போய்விட்டது.

மாடலில் இரண்டு படியாகச் செய்யுங்கள். முதல் படியில் இடையிறுக்கம் மட்டும், இரண்டாவதில் வேகம். ஒட்டிவைத்த பாண்டட் கான்டாக்ட் போட்டால் கழல்வது தெரியவே தெரியாது.

ஸ்ட்ரெஸ் ஓகே. மோடல் அனாலிசிஸை நிக்கிற இம்பெல்லருக்குப் பண்ணினா போதாதா?

போதாது. மோடல் என்பது பாகம் இயல்பாக எந்த அதிர்வெண்களில் அதிரும் (மோடு) என்று பார்க்கும் கணக்கு. சுழற்சி பிளேடை இழுத்து விறைப்பாக்குகிறது, கயிற்றை இழுத்துப் பிடித்ததுபோல, அதிர்வெண் ஏறும். அதே சுழற்சி இன்னொரு பக்கம் விறைப்பைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யும். அதற்கு ஸ்பின் சாஃப்ட்னிங் என்று பெயர். முதலில் வேகத்தோடு நிலைக் கணக்கு, அந்த விடையை முன்சுமையாக எடுத்துக்கொண்டு மோடல். ஷாஃப்ட்டும் சேர்ந்த ரோட்டர் என்றால் கொரியாலிஸ் விளைவையும் இயக்குங்கள். அப்போது ஒரே அதிர்வெண் இரண்டாகப் பிரியும்: சுழலும் திசையோடு ஒன்று, எதிர்த்து ஒன்று. வேகத்தின் குறி முக்கியம் என்று முன்பு சொன்னது இதற்காக.

பிறகு வேகத்தைக் கிடைக்கோட்டிலும் அதிர்வெண்ணைச் செங்குத்திலும் வைத்து கேம்பெல் வரைபடம் போடுங்கள். வில்ஃப்ரெட் கேம்பெல் 1924-இல் நீராவி டர்பைன் தட்டுகளின் அதிர்வைப் பற்றி எழுதிய கட்டுரையால் வந்த பெயர் அது. நம்முடைய புளோவருக்குப் பார்க்க வேண்டிய கோடுகள் முக்கியமாக இரண்டு: 1450-இல் 24.2 ஹெர்ட்ஸ், எட்டு பிளேடுக்கு 193 ஹெர்ட்ஸ். மேனேஜரின் 60 ஹெர்ட்ஸ் யோசனையில் அவை 29-க்கும் 232-க்கும் நகரும். நடுவில் ஏதாவது ஒரு மோடு உட்கார்ந்திருந்தால், இன்வெர்டரில் அந்த வேகத்தைத் தாவும்படி அமைத்துவிடச் சொல்லுங்கள். எலக்ட்ரிகல் பிரிவில் ஐந்து நிமிட வேலை.